பிள்ளை தானாகப் பேசும் என்று காத்திருக்கலாமா?

(குழந்தைகளின் வளர்ச்சித் தாமதம் குறித்து நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பேராக் மாநிலத்தைச் சேர்ந்த ஆரம்பகாலப் பயிற்சி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, குழந்தைகளின் வளர்ச்சித் தாமதமும் அதற்குக் கிடைக்கும் உதவிகளும். மருத்துவர் அவர்கள் நோய்களைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் பெற்றோர்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. ஒரு பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று தாய்க்குத் தோன்றுகிற நாளுக்கும், அந்தப் பிள்ளை முதன்முதலாகப் பயிற்சிக்கு வந்து சேருகிற நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் போகிறது? பல குடும்பங்களில் இரண்டு ஆண்டுகள், மூன்று ஆண்டுகள் போய்விடுகின்றன. முதலாம் ஆண்டில் சேர்ந்த பிறகு ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்து கொண்டோம் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதுதான் என் பேச்சு.

வளர்ச்சித் தாமதம் என்றால் என்ன?

குழந்தையின் வளர்ச்சியை எடையையும் உயரத்தையும் வைத்து மட்டும் அளப்பதில்லை. உட்காருவது, நடப்பது போன்ற உடல் அசைவுகள் ஒன்று. விரல்களால் எடுப்பது, பிடிப்பது, கிறுக்குவது இரண்டு. கேட்டுப் புரிந்து கொள்வதும் பேசுவதும் மூன்று. மனிதர்களோடு பழகுவது, தானே உண்பது, உடுத்துவது நான்கு. சிந்திப்பது, பார்த்துக் கற்றுக் கொள்வது ஐந்து. இவற்றுள் ஏதாவது ஒன்றில் குழந்தை தன் வயதுக்கு மிகவும் பின்தங்கி இருந்தால் அது அந்தத் துறையில் தாமதம். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் வெகுவாகப் பின்தங்கி இருந்தால் மருத்துவர்கள் அதை 'முழுமையான வளர்ச்சித் தாமதம்' என்கிறார்கள். கிளினிக் தாள்களில் 'லெவாட் பெர்கெம்பாங்ஙான் குளோபல்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

தாமதம் என்ற சொல்லைக் கேட்டவுடன், ரயில் தாமதமாக வருவது போல இதுவும் வந்துவிடும் என்று எண்ணுகிறோம். சில பிள்ளைகளுக்கு அப்படி வந்துவிடுகிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு வரும், எந்தப் பிள்ளைக்கு வராது என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் பரிசோதனை.

நம் முன்னோர் கவனித்தார்கள்

பிள்ளையின் வளர்ச்சியை மாதம் மாதமாகக் கவனிப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கச் சோழன் மீது பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சி மீது பாடினார். அதில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

5-ஆம் மாதம் செங்கீரை. குழந்தை கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, உடலை அசைத்து ஆடுகிற பருவம். 9-ஆம் மாதம் சப்பாணி. இன்று அந்தச் சொல்லை நடக்க முடியாதவர்களை இழிவாகக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். பிள்ளைத்தமிழில் அது உட்கார்ந்து இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டுகிற பருவம். 11-ஆம் மாதம் முத்தம் கேட்பது. 13-ஆம் மாதம் வருகை, அதாவது 'வா' என்று அழைத்தால் தளர்நடை போட்டு வருவது. 15-ஆம் மாதம் அம்புலி. வானத்து நிலாவைக் காட்டி, விளையாட வா என்று அழைப்பது.

இன்றைய குழந்தை மருத்துவத்தில் சொல்லப்படும் அளவுகள் இவற்றுக்கு வெகு தொலைவில் இல்லை. குறிப்பாக அந்த அம்புலிப் பருவத்தைக் கவனியுங்கள். அம்மா விரலை நீட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்க்காமல், விரல் காட்டுகிற திசையில் இருக்கும் நிலாவைப் பார்க்கிறது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. சில வாரங்களில் தானே விரலை நீட்டிக் காட்டுகிறது. 'நீ பார்ப்பதை நானும் பார்க்கிறேன்' என்கிற அந்த உறவுதான் பேச்சுக்கு அடித்தளம். ஒன்றரை வயதாகியும் பிள்ளை எதையும் சுட்டிக் காட்டவில்லை, நாம் காட்டுவதையும் பார்க்கவில்லை என்றால், ஆட்டிசம் இருக்குமா என்று பார்க்கச் சொல்லும் முக்கியமான அறிகுறிகளில் அதுவும் ஒன்று. ஆகவே பிள்ளைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியபோது நம் பாட்டிமார்கள், தங்களை அறியாமலே ஒரு பரிசோதனையும் செய்தார்கள். இன்று அந்தக் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. பிள்ளை திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கிறது. சோறு இறங்குகிறது, ஆனால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆகவே சின்னச் சின்ன வேறுபாடுகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்காமல் தாதியிடம் சொல்லுங்கள்.

3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, அல்லது பெரிய சத்தத்துக்குக் கூடத் திடுக்கிடவில்லை.

6 மாதமாகியும் தலை நிற்கவில்லை.

9 மாதமாகியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, டாட்டா காட்டுவது போன்ற சைகைகள் இல்லை.

ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, பொருளுள்ள ஒரு சொல்லும் இல்லை, எதையும் சுட்டிக் காட்டவில்லை.

2 வயதாகியும் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லை.

ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, மறு கையை மடக்கியே வைத்திருக்கிறது. பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளது என்று இதைச் சொல்லி விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கத் தசைகளில் பலவீனம் இருக்கலாம்.

எந்த வயதாக இருந்தாலும், வந்த பேச்சு நின்றுவிட்டது, கற்றுக் கொண்டது மறந்து போகிறது. இது எல்லாவற்றிலும் அவசரமானது.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு, 2 வயது வரை, எத்தனை மாதம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை மாதத்தைக் கழித்துக் கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். 2 மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை 9 மாதத்தில் 7 மாதப் பிள்ளைக்கு உரியதைச் செய்தால் போதும்.

அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளைக்குக் கொடுக்கிற சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இவை எல்லாம் வயது வாரியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலும் அதில் உண்டு. ஒன்றரை வயதில் அதைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். மலாய் மொழியில் இருக்கிறது என்று தாதியே விறுவிறுவென 'யா, யா' என்று கோடு போட விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுப் புரிந்து கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிள்ளைக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்கான தேர்வு அன்று அது.

நாம் சொல்லிக் கொள்ளும் சமாதானங்கள்

தாமதம் என்று தெரிந்தும் ஏன் வருவதில்லை? சில சமாதானங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

முதலாவது, 'அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்.' அப்பா பிற்பாடு பேசியது உண்மையாக இருக்கலாம். அவர் 2 வயதில் சொன்னதைப் புரிந்து கொண்டாரா, கை காட்டினாரா, மற்றப் பிள்ளைகளோடு விளையாடினாரா என்பது யாருக்கும் நினைவிருக்காது. பேசாமல் தேறியவர்களைப் பற்றித்தான் குடும்பத்தில் கதை சொல்வார்கள். தேறாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டாவது, தோஷம், காத்துக் கருப்பு, பார்வை. கோயிலுக்குப் போவதையோ, மந்திரித்துக் கயிறு கட்டுவதையோ நான் தடுக்க வரவில்லை. அது மனத்துக்கு ஆறுதல். ஆனால் கோயிலுக்குப் போகிற அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போங்கள். நாக்கு தடித்திருக்கிறது என்று தேன் தடவுகிறவர்களுக்கு ஒரு சொல். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் உள்ள ஒரு வகைக் கிருமி குழந்தையின் தசைகளையே முடக்கிவிடக் கூடியது.

மூன்றாவது, 'மூன்று மொழி கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறான்.' இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பிள்ளையின் காதில் விழுகின்றன. பல மொழி கேட்பதால் வளர்ச்சித் தாமதம் உண்டாவதில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் கூட இரண்டு மொழிகளைக் கற்கிறார்கள் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நடப்பது என்ன? பிள்ளை பேசவில்லை என்றதும் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறார்கள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் வாய் மூடிக் கொள்கிறார். அம்மா 'கம்', 'கோ', 'ஈட்' என்று மூன்று சொற்களோடு நின்று விடுகிறார். நாள் முழுவதும் பேச்சைக் கேட்க வேண்டிய பிள்ளைக்குக் கேட்கிற பேச்சே பாதியாகக் குறைந்து விடுகிறது. கதை சொல்லவும் கொஞ்சவும் கோபிக்கவும் உங்களுக்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ, அதில் பேசுங்கள்.

நான்காவது, 'நடைவண்டியில் போட்டால் நடந்து விடுவான்.' பிள்ளையை உள்ளே உட்கார வைக்கிற சக்கர வண்டி நடையைச் சீக்கிரம் வரவழைப்பதில்லை. படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா நாட்டில் 2004-இல் அதை விற்கவே தடை செய்து விட்டார்கள். நம் பழைய மரத்து நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தானே நின்று, தன் கால் பலத்தில் தள்ளிக் கொண்டு போக வேண்டும். அது நல்லது.

காரணம் என்ன? யார் குற்றம்?

ஒரு பிள்ளைக்குத் தாமதம் என்றதும் வீட்டில் முதலில் விசாரிக்கப்படுவது தாய். கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், எங்கே விழுந்தாள் என்று கேட்கிறார்கள். காரணங்கள் பல. குறை மாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளையைத் தாக்கும் காய்ச்சல், மரபணு மாற்றம் என்று நீண்ட பட்டியல் உண்டு. டவுன் சின்ட்ரோமை எடுத்துக் கொண்டால், 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று 1959-இலேயே கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. தாய் எதையும் செய்ததாலோ செய்யாததாலோ அது வருவதில்லை. பல பிள்ளைகளுக்கு எவ்வளவு பரிசோதித்தாலும் காரணம் தெரிவதும் இல்லை. காரணம் தெரிந்தால்தான் பயிற்சி என்று இருக்க வேண்டாம்.

ஆனால் தடுக்கக் கூடிய, சரி செய்யக் கூடிய காரணங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்து கொள்வது நம் கடமை.

பேசாத பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது செவிப் பரிசோதனை. கதவு தட்டினால் திரும்புகிறான், ஆகவே காது கேட்கிறது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. சத்தம் கேட்டாலும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பிறந்த குழந்தைக்கும் செய்யக் கூடிய செவிப் பரிசோதனைகள் இன்று இருக்கின்றன.

அடுத்தது தைராய்டு. பிறவியிலேயே தைராய்டு சுரப்பி வேலை செய்யாத குழந்தை பார்க்க ஒன்றும் தெரியாமல் இருக்கும். மூளை மட்டும் உள்ளுக்குள் பாதிக்கப்பட்டுக் கொண்டே போகும். முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் பிள்ளை மற்றவர்களைப் போலவே வளரும். நம் அரசாங்க மருத்துவமனைகளில் தொப்புள் கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். மருத்துவமனை மறுபடியும் இரத்தம் கொடுக்க வரச் சொன்னால் அலட்சியம் செய்யக் கூடாது.

அடுத்தது மஞ்சள் காமாலை. ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தையின் துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை போடக் கூடாது. அதன் ஆவி பட்டாலே இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறும். மஞ்சள் அளவு கடந்தால் மூளையையும் செவியையும் பாதிக்கும்.

கடைசியாக, நம் சமூகத்தில் பேசத் தயங்குகிற ஒன்று. அக்காள் மகளையோ, அத்தை மகன், மாமன் மகளையோ மணப்பது நம் பழக்கம். அப்படி மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு, பொதுவாக 100-க்கு 3 என்றால், முதல்நிலை உறவுத் திருமணத்தில் ஏறத்தாழ 6 ஆகிறது. தாய்மாமன் உறவில் இரத்த நெருக்கம் இன்னும் அதிகம். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் குறைபாடு இருந்தால், அடுத்த திருமணத்தைப் பேசுவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

தோட்டத்தில் இருந்து பட்டணத்துக்கு

நம் பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் மரக் கன்றுகள் நடப்பட்டன. பிறகு சுங்கை சிப்புட்டில் இருந்து தஞ்சோங் மாலிம் வரை தோட்டங்கள் பெருகி, நம்மவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் மரம் வெட்டப் போவாள். அந்த ஆயா பள்ளிக்கூடம் போனவராக இருக்க மாட்டார். ஆனால் ஒரே வயதில் பத்துப் பிள்ளைகளை வரிசையாகத் தூளியில் போட்டு வளர்த்தவர். எது உட்காரும், எது உட்காரவில்லை என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்குப் போக, பேசாத பிள்ளையும் நடக்காத பிள்ளையும் லயத்து வீட்டின் பின்கட்டிலேயே வளர்ந்து பெரியவர்களானார்கள். பயிற்சி என்ற சொல்லே அங்கே எட்டவில்லை. ஆனால் ஒன்று இருந்தது. பிள்ளையைப் பார்க்கப் பல கண்கள் இருந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போன பிறகு, நம் குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தன. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிள்ளை பக்கத்து வீட்டில் ஒருவரிடம், தொலைக்காட்சியின் முன்னால் வளர்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளை இல்லை. கிளினிக் நாளில் விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். மருத்துவமனையில் ஒரு தவணையைத் தவறவிட்டால் அடுத்த தவணைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தாமதமாக வருகிற தாயைக் கண்டிப்பதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாலர் பள்ளி ஆசிரியைகள், பிள்ளை பார்த்துக் கொள்ளும் அம்மாமார்கள், கோயில் நிர்வாகத்தினர் எல்லோரும் அந்தப் பழைய ஆயாவின் கண்களாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.

எங்கே போவது? என்ன கிடைக்கும்?

முதல் படி, அருகில் உள்ள அரசாங்கக் கிளினிக். பிள்ளையின் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்பதைக் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக் காட்டினால் மருத்துவருக்கு மிகவும் உதவும். அங்கிருந்து மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பேராக்கில் பெரிய மருத்துவமனை, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அங்கே குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் அமர் சிங் அவர்கள் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்காக நாடு முழுவதும் குரல் கொடுத்து வருபவர். செவி, பேச்சு, உடல் அசைவு, அன்றாடச் செயல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள் உண்டு.

இரண்டாவது, பி.டி.கே. என்கிற சமூக மறுவாழ்வு மையம். 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராகிட்டில் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட மையங்களாக வளர்ந்திருக்கிறது. சமூக நல இலாகாவின் கீழ், பெற்றோர்களும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிற மையங்கள் இவை. நம்மவர்கள் இங்கே அதிகம் போவதில்லை. மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். எல்லா இனத்தவருக்கும் உரியது. ஈப்போவில் சுல்தான் இட்ரிஸ் ஷா அறவாரியம் போன்ற தொண்டு அமைப்புகளும் பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகின்றன.

மூன்றாவது, ஓ.கே.யூ. அட்டை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகா இந்தப் பதிவைச் செய்கிறது. பாரத்தை மருத்துவர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் ஆகியவை 'கற்றல் சிக்கல்' என்ற பிரிவில் அடங்கும். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தி விடுவார்கள், பிற்காலத்தில் கல்யாணம் ஆகாது என்று அஞ்சுகிறார்கள். அந்த அட்டையால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு கிடைக்கிறது, பெற்றோருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கிறது, பள்ளியில் சிறப்புக் கல்விக்கு வழி எளிதாகிறது. வாங்குவது கட்டாயமும் இல்லை. பிள்ளையின் நலனை முன்வைத்து முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாவிட்டால் இந்த உதவிகள் எதுவும் நகராது. தோட்டப்புறத்தில் இருந்து வந்த குடும்பங்களில், பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாததால், அல்லது பிறப்பைத் தாமதமாகப் பதிந்ததால் சிக்கிக் கொண்டிருக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. பதிவு இலாகா வேலையை நாளை என்று தள்ளிப் போடாதீர்கள்.

நான்காவது, பள்ளி. 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். 1997-ஆம் ஆண்டு விதிகள், கற்கக் கூடியவர் என்று கருதப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே சிறப்புக் கல்வியின் கதவைத் திறந்தன. 2013-இல் புதிய விதிகள் வந்தன. 2019 முதல், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. சாதாரணப் பள்ளியிலேயே தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம் உண்டு. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் திட்டமும் உண்டு. சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் கிடைக்கிறது. சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் தேவைக்குப் போதாது. தமிழில் பேசிப் பழகிய பிள்ளை, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் வகுப்பு இல்லாததால் மலாய்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, புதிய மொழியோடும் போராடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மண்டபத்துக்குக் குளிர்சாதனம் கேட்கிறோம். சிறப்புக் கல்வி வகுப்பு வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியலோடு கேட்டால்தான் இலாகா அசையும்.

வீடுதான் பெரிய பயிற்சிக் கூடம்

பயிற்சியாளர் பிள்ளையைப் பார்ப்பது மாதத்தில் ஒரு மணி நேரமாக இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறது. ஆகவே பயிற்சியின்போது வெளியே உட்கார்ந்து கைத்தொலைபேசி பார்க்காமல், உள்ளே உட்கார்ந்து கற்றுக் கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. சப்பாத்தி மாவைப் பிசைய விடுங்கள், விரல்களுக்குப் பலம். காய்ந்த துணியைக் கூடையில் இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், சொன்னதைப் புரிந்து கொள்ளும் பயிற்சி. அப்பா சட்டை எது, உன் சட்டை எது என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பிஸ்கட் பிடிக்கும் என்றால் டின்னோடு கையில் கொடுத்து விடாதீர்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும் வரை சற்றுப் பொறுங்கள். ஒலி வந்தால் ஒலி, கை நீட்டினால் கை, எது வந்தாலும் 'பிஸ்கட் வேணுமா, இந்தா பிஸ்கட்' என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை இப்படி நடந்தால் அதுவே பேச்சுப் பயிற்சி.

திரையைக் குறையுங்கள். 2 வயது நிறையும் வரை திரையே வேண்டாம், 2 வயது முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. எல்லாத் தாமதத்துக்கும் திரைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு வராத பிள்ளைக்கு மனித முகம்தான் மருந்து. திரை அந்த நேரத்தை எடுத்துக் கொள்கிறது.

மூன்று மாதத்தில் ஆட்டிசத்தை முழுமையாகக் குணமாக்குகிறோம் என்று ஊசி, சொட்டு மருந்து, இரத்தச் சுத்திகரிப்பு என்று ஆயிரக் கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கிக் கொண்டு போய்க் கொடுத்து விடாதீர்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்பதும் பொய். 1998-இல் அப்படிச் சொல்லி வெளிவந்த கட்டுரையை 2010-இல் அதே மருத்துவ இதழ் திரும்பப் பெற்றுக் கொண்டது. தட்டம்மை ஊசியைப் போடாமல் விட்டு, அந்தக் காய்ச்சல் மூளைக்குப் போனால், அதனால் வருவதும் வளர்ச்சிக் குறைபாடுதான்.

முடிவாக

சீக்கிரம் பயிற்சிக்கு வந்தால் எல்லாப் பிள்ளையும் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகிவிடும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறவள் ஆவேன். சில பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து விடுகிறார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் துணையோடுதான் இருப்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைக்கும், தானே சாப்பிடுவது, தானே கழிப்பறைக்குப் போவது, வலிக்கிறது என்று சொல்வது, கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கி மிச்சக் காசை எண்ணி வாங்குவது, இவை ஒவ்வொன்றும் பெரிய விடுதலை. நாங்கள் இல்லாத காலத்தில் இவன் என்ன செய்வான் என்பதுதான் எல்லாப் பெற்றோர் மனத்திலும் இருக்கிற கேள்வி. அதற்கான பதில் 3 வயதில் ஸ்பூன் பிடிக்கக் கற்றுக் கொடுப்பதில் தொடங்குகிறது.

தந்தைமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனை, பயிற்சி, பள்ளி எல்லாவற்றுக்கும் தாய் மட்டுமே வருகிறார். மருத்துவர் சொன்னதை வீட்டில் போய்ச் சொன்னால், 'உனக்குத்தான் எதிலும் பயம்' என்று ஒரே வரியில் முடிந்து விடுகிறது. ஒரு முறையாவது கூட வாருங்கள். காதால் கேட்டால் நம்புவீர்கள். மாமியார்மார்களே, மருமகள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னால், அவள் உங்கள் வம்சத்தைக் குறை சொல்கிறாள் என்று எடுத்துக் கொள்ளாதீர்கள். உங்கள் பேரப்பிள்ளைக்காகப் பேசுகிறாள். கூடப் பிறந்த பிள்ளைகளையும் மறந்து விடாதீர்கள். அவர்களுக்கும் அம்மாவின் மடியில் இடம் வேண்டும்.

சந்தேகம் வந்து பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் உங்களுக்கு நட்டம் அரை நாள் சம்பளம். சந்தேகம் வந்தும் காத்திருந்து, பிறகு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் நட்டம் பிள்ளையின் ஆண்டுகள். இந்த வாரமே பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்து, அதன் வயதுக்குரிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேள்வி எழுந்தால் திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போங்கள்.